அறைகளின் எண்ணிக்கை: லட்சத்தீவில் சூழலுக்கு இசைந்த கடற்கரை விடுதி குறித்து

1. எண் எங்கிருந்து வருகிறது

லட்சத்தீவில் இரண்டு சொகுசு விடுதிகள் அமையவிருப்பதாக 2023 ஜனவரியில் இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனம் அறிவித்தது. ஒன்று சுஹேலியில், மற்றொன்று கட்மத்தில். சுஹேலியில் கரையில் 60 குடில்கள், காயல் நீருக்கு மேல் 50. கட்மத்தில் கரையில் 75, நீர்மேல் 35. தனித்தனியே கூட்டினால் இரண்டிலும் ஒரே எண்தான் வருகிறது: 110.

கட்மத் மக்கள் வாழும் தீவு. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். சுஹேலியில் நிரந்தரக் குடியிருப்பே இல்லை. நிலத்தின் பரப்பு, நிலத்தடி நீர், காயலின் ஆழம், அக்காயலைப் பயன்படுத்துவோர் என எந்த அளவுகோலை வைத்தாலும் இவை இரண்டும் வெவ்வேறு தீவுகள். அப்படியிருக்க, இரண்டின் தாங்குதிறனும் சொல்லிவைத்தாற்போல் 110 அறைகளில் வந்து நிற்குமா? நிற்காது. இந்த எண் தீவைப் பார்த்து எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. முதலீட்டைத் திரும்ப எடுக்க எத்தனை அறை வேண்டும் என்ற கணக்கிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 2021-இல் மினிக்காய், கட்மத், சுஹேலி ஆகிய மூன்று தீவுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 800 கோடி ரூபாய் மதிப்பில் நீர்மேல் குடில் திட்டங்கள் அறிவிக்கப்பட்டபோதும், தீவுக்கு இத்தனை அறைகள் என்று முதலிலேயே வகுத்துவிட்டுத்தான் முதலீட்டாளர்களை அழைத்தார்கள்.

சிறு பவளத்தீவில் சூழலுக்கு இசைந்த விடுதி என்று ஒன்று இருக்க முடியுமா, இருக்குமானால் அதன் அளவை எது தீர்மானிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கட்டடத்தின் பொருளும் தொழில்நுட்பமும் இரண்டாம் நிலைக் கேள்விகள், அறைகளின் எண்ணிக்கையே முதல் நிலைக் கேள்வி என்பது என் வாதம். அந்த எண்ணைத் தீவின் நீரும் மணலும் மீனும் கொடுக்க வேண்டும்.

2. மூன்று வகைப் புரிதல்கள்

இத்துறையில் இதுவரை எழுதப்பட்டவற்றைத் தோராயமாக மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது கட்டடக் கலைஞர்களுடையது. சூரிய மின்தகடு, தென்னங்கீற்று, மூங்கில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, ஞெகிழிக்குத் தடை என்று போகும் இப்பட்டியல் விளம்பரச் சிற்றேடுகளுக்கு மிகவும் பிடித்தமானது. மூங்கில் உறிஞ்சுகுழலைப் படம் எடுக்கலாம்; கழிவுத் தொட்டியை யார் படம் எடுப்பார்கள்? இரண்டாவது சூழலியலாளர்களுடையது. தாங்குதிறன் என்ற கருத்தை மையமாகக் கொண்டு, ஓரிடம் சிதையாமல் எத்தனை பேரை ஏற்கும் என்று அளக்க முயல்வது. மூன்றாவது உரிமை சார்ந்தது. தீவு யாருடையது, முடிவெடுப்பவர் யார் என்று கேட்பது.

மூன்றுக்கும் குறைகள் உண்டு. முதலாவது ஓர் அறையின் தாக்கத்தைக் குறைக்கும். அறைகள் பெருகுவதைப் பற்றி வாய் திறக்காது. இரண்டாவது தரும் எண் அறிவியலின் முத்திரையோடு வந்தாலும், எவ்வளவு சேதத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்ற மதிப்பீடு அதற்குள் ஒளிந்திருக்கிறது. மூன்றாவது சரியான கேள்வியைக் கேட்கிறது. ஆனால் ஊரார் கையில் கிடைத்துவிட்டால் எந்த விடுதியும் கடலுக்கு நல்லதாகிவிடும் என்ற நம்பிக்கையில் சில வேளை போய் முடிகிறது. இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

3. வில்லையும் ஆலையும்

லட்சத்தீவின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். காயல்களின் பரப்பு ஏறத்தாழ 4,200 சதுர கிலோமீட்டர். 2011-இல் மக்கள்தொகை 64,473. ஆறு கிடையாது, ஓடை கிடையாது. மணலுக்குள் இறங்கும் மழைநீர், கீழே உள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. உப்புநீரைவிட நன்னீர் எடை குறைந்தது என்பதால் இது சாத்தியமாகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கலாம் என்று ஏட்டுக் கணக்கு சொல்லும். சிறு பவளத்தீவுகளில் நடப்பு வேறு. மணலும் நுண்துளைச் சுண்ணாம்புப் பாறையும் நீரை எளிதில் ஊடுருவ விடுவதால், அலை ஏற்ற இறக்கம் இரண்டு நீரையும் கலக்கிவிடுகிறது. வில்லை மெலிந்தே இருக்கிறது. மின்மோட்டார் வைத்து வேகமாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலேறிவிடும். ஏறிய உப்பு இறங்க அடுத்த மழைக்காலம், சில இடங்களில் பல மழைக்காலங்கள் வேண்டும்.

இதே வில்லைக்குள்தான் தீவுகளின் கழிவுத் தொட்டிகளும் கசிகின்றன. குடிநீர்க் கிணறும் கழிவுத் தொட்டியும் சில அடி இடைவெளியில், ஒரே மணலில். பெரிய நிலப்பரப்பில் இப்பிழையைத் தூரம் மறைத்துவிடும். தீவில் மறைக்கத் தூரம் ஏது?

இதற்குத் தீர்வாக வந்தது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் தலைநகரான கவரத்தியில் அமைத்த ஆலை நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் தருவதற்காக வடிவமைக்கப்பட்டது. அதன் செயல்முறை அழகானது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரை வெற்றிடக் கலனுக்குள் விட்டால், அழுத்தம் குறைந்திருப்பதால் அதில் ஒரு பகுதி ஆவியாகிறது. ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய்வழி எடுக்கும் குளிர்ந்த நீர் அந்த ஆவியைக் குளிர்வித்து நன்னீராக்குகிறது. பவளத்தீவின் வெளிச்சரிவு செங்குத்தாக இறங்குவதால்தான் கரைக்கு அருகிலேயே அவ்வளவு ஆழம் கிடைக்கிறது. தீவின் வடிவத்தையே மூலதனமாக்கிய தொழில்நுட்பம் இது. பின்னர் மினிக்காய், அகத்தி முதலிய தீவுகளுக்கும் சென்றது.

இனி ஒரு சிறு கணக்கு. 110 அறைகள், அறைக்கு இருவர், ஆக 220 விருந்தினர். சொகுசு விடுதியில் ஒருவருக்கு நாளுக்கு 300 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீச்சல் குளமும் சலவையும் சேர்ந்தால் இது தாராளமான மதிப்பீடு ஆகாது. அது 66,000 லிட்டர். அறைக்கு ஒன்றரைப் பணியாளர் என்றால் 165 பேர். அவர்களுக்கு இந்திய நகரங்களுக்கான வழக்கமான அளவாகிய 135 லிட்டர் கொடுத்தால் 22,000-க்கும் சற்று மேல். ஆக ஏறத்தாழ 88,000 லிட்டர். 11,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த கவரத்திக்கு 2005-ஆம் ஆண்டின் ஆலை தர வேண்டியிருந்தது ஒரு லட்சம் லிட்டர், அதாவது தலைக்கு ஒன்பது லிட்டர். தலைநகர் முழுவதும் குடிக்கவும் சமைக்கவும் நம்பியிருந்த அளவை ஒரு விடுதி கிட்டத்தட்ட எட்டிவிடுகிறது.

விடுதி தன் ஆலையைத் தானே வைத்துக்கொள்ளும் என்பார்கள். வைத்துக்கொள்ளட்டும். ஆலைக்கு மின்சாரம் வேண்டும்; லட்சத்தீவு நெடுங்காலமாகக் கப்பலில் வரும் டீசலையே நம்பியிருக்கிறது. கவரத்தியில் மின்கல அமைப்புடன் கூடிய சூரிய மின்நிலையம் 2024-இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. ஆலையில் எஞ்சும் செறிந்த உப்புநீரை எங்கே விடுவது என்ற கேள்வியும் உண்டு. வெளிக்கடலில் விட்டால் கரைந்துபோகும். காயலுக்குள் விட்டால் தேங்கும். வெளிக்கடல் வரை குழாய் போட வேண்டுமென்றால் பவளத்திட்டை வெட்டியாக வேண்டும். ஒரு தீர்வு இன்னொரு செலவைப் பெற்றெடுக்கிறது. அந்தச் செலவு அறைகளின் எண்ணிக்கையோடு ஏறுகிறது.

4. மணல் ஒரு விளைச்சல்

விடுதி விற்பது மணலைத்தான். வெண்மணல், நீலக்காயல், ஒரு தென்னை. அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்பதைத் திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. பவளத்தீவின் மணல் மலையிலிருந்து ஆறு கொண்டுவந்ததன்று. உயிரினங்கள் செய்தது. பவளத்தையும் அதன்மேல் படரும் பாசியையும் கொறித்துத் தின்னும் கிளிமீன் சுண்ணாம்பைத் தூளாக்கி வெளியேற்றுகிறது. சுண்ணாம்பேறிய பாசிகள், சிப்பிகள், நுண்ணுயிர்களின் ஓடுகள் எல்லாம் அலையில் அரைபட்டுக் கரை சேர்கின்றன. பவளத்திட்டு உயிரோடு இருக்கும்வரை மணல் விளையும்.

விளைந்த மணல் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ஒரு கரையிலிருந்து அரிக்கப்பட்டு, காற்று திரும்பியதும் மறுகரையிலோ அதே கரையிலோ வந்து சேர்கிறது. தீவினர் வீடுகளை உள்ளே தள்ளிக் கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். கடலை ஒட்டிக் கட்டினால்தான் விடுதி விலை போகும். கட்டிய பிறகு மணல் நகர்ந்தால் சுவர் எழுப்புவார்கள். சுவர் அடுத்த கரையின் மணலைப் பறிக்கும். கவரத்தி உள்ளிட்ட தீவுகளில் கரையோரம் கொட்டப்பட்டுள்ள நான்குகால் கான்கிரீட் கட்டிகள் இந்தப் போராட்டத்தின் தடயங்கள்.

லட்சத்தீவின் பங்காரம் காயலில் பரளி என்றொரு சிறு தீவுக்கூட்டம் உண்டு. அதில் முதலாம் பரளி 1960-களின் பிற்பகுதியில் ஏறத்தாழ மூன்று ஹெக்டேர் பரப்புடன் இருந்தது. 2017-இல் வெளியான கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழக ஆய்வு, அது முழுவதுமாகக் கரைந்துவிட்டதைப் பதிவு செய்தது. மன்னார் வளைகுடாவிலும் இரண்டு தீவுகள் இப்படித்தான் நீருக்கடியில் போயின. அங்கே சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்தது ஒரு முக்கியக் காரணம். பரளியில் அப்படி வெட்டும் தேவைகூட இருக்கவில்லை.

ஆகவே கழிவுநீர் பற்றிய கேள்வி சுகாதாரத்தோடு முடிந்துவிடுவதில்லை. காயலில் ஊட்டச்சத்து கூடினால் பாசி பெருகி இளம்பவளத்தை மூடும். பவளம் தளர்ந்தால் மணல் உற்பத்தி தளரும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து விடுதியின் கரை குறுகும்போது, அதற்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் உள்ள தொடர்பை எந்தத் தணிக்கையும் காட்டாது.

5. மாலத்தீவு அளந்ததும் அளக்காததும்

லட்சத்தீவுத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் வாய்விட்டுச் சொல்லப்படும் முன்மாதிரி மாலத்தீவு. 1972-இல் தொடங்கிய அந்நாட்டுச் சுற்றுலா பல ஆண்டுகள் ‘ஒரு தீவுக்கு ஒரு விடுதி’ என்ற ஒழுங்கில் வளர்ந்தது. கட்டடங்கள் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, தென்னை உயரத்துக்கு மேல் எழக்கூடாது என்பன போன்ற விதிகள் இருந்தன. பரப்பு வரம்பு பின்னர் தளர்த்தப்பட்டது. அந்தக் காலத்துக்கு இவை முன்னோடி விதிகள் என்பதை மறுக்க முடியாது. கோவாவுக்கோ கோவளத்துக்கோ அப்படி ஒன்று வாய்க்கவில்லை.

ஆனால் அவை அளந்தது கண்ணுக்குத் தெரிவதை. தென்னைக்கு மேல் தெரியாத கட்டடம், தென்னைக்குக் கீழே எவ்வளவு டீசல் எரிக்கிறது, எவ்வளவு குப்பையைப் படகில் ஏற்றுகிறது என்று அவ்விதிகள் கேட்கவில்லை. கேட்காததன் விளைவு மாலே நகருக்கு அருகில் திலாஃபுஷி என்ற பெயரில் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்திலிருந்து காயலில் குப்பை கொட்டி உருவாக்கப்பட்ட செயற்கைத் தீவு அது. நிலப்பரப்பு விகிதத்துக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு: நிலத்தில் கட்டுவதை மட்டும் கட்டுப்படுத்தினால், கட்டுமானம் தண்ணீருக்கு மேல் நகரும். இன்று மாலத்தீவின் அடையாளமாகிவிட்ட நீர்மேல் குடில்களின் பெருக்கத்தைச் சந்தைக் கவர்ச்சியால் மட்டும் விளக்கிவிட முடியாது என்றே எண்ணுகிறேன்.

நீர்மேல் குடிலின் தூண்கள் மெல்லியவை, அடித்தளத்தில் சிறு இடத்தையே பிடிப்பவை என்று வாதிடுவோர் உண்டு. தூணின் குறுக்களவு உண்மையில் சிறியதுதான். ஆனால் கட்டும்போது எழும் சேறு, பொருள் கொண்டுவரும் மிதவைக்காகத் தோண்டும் வழி, நாள் முழுதும் கடற்புல் மேல் விழும் நிழல், இரவு விளக்கு, ஒவ்வொரு குடிலிலிருந்தும் கழிவுநீரைக் கரைக்குத் தள்ளும் குழாய், அக்குழாய் ஒருநாள் உடைவது ஆகிய அனைத்தும் அந்தத் தூணோடு வருபவை. லட்சத்தீவின் காயல்கள் ஆழம் குறைந்தவை. மாலத்தீவின் விரிந்த காயல்களுக்குப் பொருந்திய கணக்கை அப்படியே இங்கே எடுத்துவைக்க முடியாது. 2021-இல் லட்சத்தீவில் பணியாற்றிய ஆய்வாளர்கள் இத்திட்டங்களுக்கு எழுப்பிய எதிர்ப்பில் காயலைப் பற்றிய கவலைக்கு முக்கிய இடம் இருந்தது.

6. இரண்டு சிறு விடுதிகள்

லட்சத்தீவிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. பங்காரம் தீவில் 1988-இல் கொச்சியைச் சேர்ந்த கேசினோ குழுமம் நடத்தத் தொடங்கிய விடுதி. ஏறத்தாழ முப்பது அறைகள், கீற்று வேய்ந்த குடில்கள். குளிரூட்டி இல்லை, தொலைக்காட்சி இல்லை, அறையில் தொலைபேசி இல்லை. அகத்தியில் அதே ஆண்டு விமானத்தளம் வந்ததால் விருந்தினர் அங்கே இறங்கிப் படகில் வந்தனர். இல்லாமையையே விற்பனைப் பொருளாக்கிய விடுதி அது. உலகெங்கும் பேசப்பட்டது. ‘சூழல் சுற்றுலா’ என்ற தொடர் இந்தியாவில் பரவலாகும் முன்பே அது நடைமுறையில் இருந்தது.

அந்த விடுதியைப் பற்றிய நினைவேக்கக் கட்டுரைகள் ஏராளம். அவற்றோடு எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. பங்காரத்தின் வெற்றியை அதன் எளிமைக்கே எழுதிவைப்பது வழக்கம். குளிரூட்டி இல்லாததைவிட முப்பது என்ற எண்ணே அதன் சாரம் என்பது என் கருத்து. அதே எளிமையோடு முந்நூறு குடில்கள் இருந்திருந்தால் காயல் என்ன ஆகியிருக்கும்? குத்தகைப் புதுப்பிப்பு தொடர்பான வழக்குகளுக்குப் பிறகு 2010-களின் தொடக்கத்தில் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒரு விடுதி, பக்கத்திலுள்ள பவளத்திட்டின் இருபது ஆண்டு வரலாறாகவும் இருந்திருக்கலாம். ஆண்டுதோறும் ஒரே இடத்தில் பவளப் பரப்பை அளக்க வேண்டும் என்று குத்தகையிலேயே எழுதியிருந்தால் அது நடந்திருக்கும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு தான்சானியாவின் சான்சிபார் அருகேயுள்ள சும்பே. நன்னீர் ஊற்று எதுவும் இல்லாத சிறு பவளத்தீவு. 1998-இல் விருந்தினருக்குத் திறக்கப்பட்ட அதில் ஏழு குடில்கள் மட்டுமே. ஒவ்வொரு குடிலின் கூரையும் மழைநீரைப் பிடித்துத் தரைக்கடியிலுள்ள தொட்டியில் சேர்க்கிறது. உரமாக்கும் உலர் கழிவறை, குளியல் நீரைச் செடிப்படுகை வடிகட்டுகிறது, மின்சாரம் சூரியனிலிருந்து. பவளத்திட்டு 1994-இலேயே மீன்பிடி விலக்கப்பட்ட காப்பிடமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அண்டை ஊர் மீனவர்களே காவலர்களாகப் பயிற்சி பெற்றனர். இலாப நோக்கற்ற அந்த அமைப்பு, விடுதி வருவாயைக் காப்புக்கும் பள்ளிப் பிள்ளைகளைப் பவளத்திட்டுக்கு அழைத்துவருவதற்கும் செலவிடுகிறது.

சும்பேயில் கணக்கு தலைகீழாகப் போடப்பட்டது. கூரையில் விழும் மழை எவ்வளவு, அதை வைத்து எத்தனை பேர் குளிக்கலாம், ஆகவே எத்தனை குடில். சும்பேயை அப்படியே லட்சத்தீவுக்குக் கொண்டுவந்துவிட முடியாது. அப்பகுதி கப்பல் தடத்தை ஒட்டியும் இராணுவக் கட்டுப்பாட்டிலும் இருந்ததால், காப்பிடமாவதற்கு முன்பே அங்கே மீன்பிடித்தல் குறைவு. சுஹேலியின் நிலை அதற்கு நேர்மாறானது.

7. ஆளில்லாத் தீவின் ஆட்கள்

கணக்கெடுப்பின்படி சுஹேலியில் யாரும் இல்லை. சூரை பிடிக்கும் மாதங்களில் போய்ப் பார்த்தால் அகத்தி, கவரத்தி மீனவர்கள் கொட்டகை போட்டுத் தங்கியிருப்பார்கள். அங்கேயே மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தி மாசியாக்குவார்கள். காயல்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் சம்பலுக்கு இடிக்கும் அதே மாசிதான். தென்னந்தோப்புகளுக்கும் உரிமை கொண்டாடும் குடும்பங்கள் உண்டு.

லட்சத்தீவின் சூரை மீன்பிடி கழித்தூண்டில் முறையைச் சேர்ந்தது. வலை இல்லை. படகு சூரைக் கூட்டத்தை அடைந்ததும் உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் தூவி, வெறிகொண்டு மேலேறும் சூரையை ஒவ்வொன்றாகத் தூண்டிலில் சுண்டி எறிவார்கள். மினிக்காயின் மரபான இம்முறையை 1960-களிலிருந்து மீன்வளத் துறை மற்றத் தீவுகளுக்கும் பரப்பியது. அதன் எதிர்பாராத நன்மை ஒன்று உண்டு: மீனவரின் கவனம் வெளிக்கடல் சூரையில் இருந்ததால், பவளத்திட்டின் மீன்கள் பெரிதும் தப்பின. இந்தியக் கடல்களில் வேறெங்கும் அரிதான களவா மீன் கூட்டங்கள் இங்கே நீடித்தது இதனால்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இம்முறையின் அச்சாணி அந்த இரைமீன். அது வெளிக்கடலில் கிடைப்பதில்லை. காயலில்தான் கிடைக்கிறது, மணல் திட்டுகளையும் பவளக் கொத்துகளையும் ஒட்டி. நீர்மேல் குடில்கள் வருவதும் அதே ஆழமற்ற நீரில்தான். காயலின் ஒரு பக்கம் விருந்தினர் நீந்தும் பகுதியாக அடைக்கப்பட்டால், ஐம்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரில் ஒரு படகு கரையேறிக் கிடக்கும். இந்தத் தொடர்பை எந்தச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுப் படிவமும் தானாகக் கேட்பதில்லை.

விடுதியின் சமையலறையும் இதில் உண்டு. சூரையின் கருஞ்சிவப்புத் தசை எல்லா விருந்தினருக்கும் ஒத்துவராது. அவர்கள் கேட்பது நெருப்பில் வாட்டிய வெள்ளைத் தசை, அதாவது களவா. 220 பேரின் இரவு உணவு பவளத்திட்டை நோக்கித் திரும்பினால், அறுபது ஆண்டுகளாகச் சூரை காத்துவந்ததைப் பட்டியலில் உள்ள ஒரு வரி குலைத்துவிடும். கிளிமீனும் அதில் சேர்ந்தால் மணலையே பரிமாறியதாகும். பவளத்திட்டு மீன் பரிமாறக்கூடாது என்பதைக் கட்டட விதிகளுக்கு இணையான நிபந்தனையாக வைப்பது செலவில்லாத வேலை. அதைச் செய்த ஒப்பந்தம் எதையும் நான் பார்த்ததில்லை.

‘இயற்கை’ என்று விருந்தினர் கண்டு மகிழ்வதும் சிக்கலற்றதன்று. அகத்திக் காயலில் பேராமைகள் பெருகியபோது கடற்புல் படுகைகள் மேயப்பட்டுச் சுருங்கின. கடற்புல்லை நம்பிய மீன்கள் குறைந்தன என்று மீனவர்கள் சொன்னதை ஆய்வும் உறுதிசெய்தது. ஆமை சுற்றுலாவுக்கு வரவு, மீனவருக்குச் செலவு. காக்கப்பட வேண்டிய உயிரினம் என்பதில் ஐயமில்லை. ஆனால் காயலின் நலம் குறித்து முடிவெடுக்கும்போது யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்ற கேள்வி இங்கே தவிர்க்க முடியாதது.

8. இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு: சிறிய விடுதிகளே சிறந்தவை என்று கொள்வது தவறு, பெரிய நிறுவனத்திடம்தான் சுத்திகரிப்பு ஆலைக்குப் பணம் உண்டு. இதில் உண்மை இருக்கிறது. நூறு அறைகள் கொண்ட ஒரு விடுதிக்குப் பதிலாக இரண்டு அறைகள் கொண்ட ஐம்பது வீட்டு விடுதிகள் அகத்தியில் வந்தால், ஐம்பது கழிவுத் தொட்டிகள் ஒரே நன்னீர் வில்லைக்குள் கசியும். வீட்டு விடுதி என்ற பெயரில் கடற்கரை விதிகளைத் தாண்டியவர்களும் உண்டு. அகத்தியில் இயங்கிய ஒரு தனியார் விடுதி தொடர்பான வழக்கில், விதிமீறல் குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும்போதே அதை நடத்த அனுமதித்த உயர் நீதிமன்ற இடைக்கால ஆணையை 2012 மே மாதம் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆகவே எண்ணைத் தனி விடுதிக்கு வகுப்பது போதாது. தீவு முழுமைக்குமான படுக்கைகளின் எண்ணிக்கையை வகுத்து, அதற்குள் பெரியதும் சிறியதும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இந்த மறுப்பு என் வாதத்தைத் திருத்துகிறது, கவிழ்க்கவில்லை.

இரண்டாவது மறுப்பு கடுமையானது: கடல் சூடேறிப் பவளம் எப்படியும் சாகப்போகிறது, விடுதியால் என்ன கூடுதல் கேடு? 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெப்ப அலைகள் லட்சத்தீவின் பவளத்தை வெளுக்கச் செய்தன, 2024-இல் மீண்டும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவின் நீண்டகாலப் பதிவுகளின்படி, 1998-இல் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 2022-இல் 20 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. அந்தக் காலத்தில் லட்சத்தீவில் பெரிய விடுதியே கிடையாது. ஆக விடுதியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இத்தரவு உதவாது.

ஆனால் அதே ஆய்வு, வெளுப்பில்லாமல் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழிந்த பிறகே மீட்சி வேகமெடுக்கிறது என்றும் காட்டுகிறது. வெப்ப அலைகளின் இடைவெளியோ பன்னிரண்டு, ஆறு, எட்டு ஆண்டுகள். மீளக் கிடைக்கும் காலம் இவ்வளவு குறுகியிருக்க, அந்தச் சில ஆண்டுகளில் நீர் தெளிவாக இருப்பதும், பாசியை மேயும் மீன்கள் இருப்பதும்தான் தீவின் கையில் உள்ளவை. சேறும் கழிவும் மீன்குறைவும் தாக்குவது அதே ஆண்டுகளைத்தான். உலகு தழுவிய வெப்பம் பெரிய காரணம் என்பதாலேயே உள்ளூர்க் காரணங்களின் எடை கூடுகிறது.

9. குத்தகையில் என்ன எழுதலாம்

அகத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதியரசர் ரவீந்திரன் குழு, தீவுகளுக்கான ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டங்களைச் சீரமைத்தது. வளர்ச்சித் திட்டங்களைத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து நிறைவேற்ற வேண்டும் என்பது அதன் பரிந்துரை. 2021-இல் வெளியான லட்சத்தீவு வளர்ச்சி ஆணைய வரைவு, திட்டமிடலுக்கும் நிலம் எடுப்பதற்குமான விரிந்த அதிகாரங்களை நிர்வாகத்திடம் குவித்தபோது எழுந்த எதிர்ப்பை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். நிலத்தின் வரலாறும் இதில் குறுக்கிடுகிறது. அரக்கல் அரச குடும்பத்தின் உடைமையாக இருந்து ஆங்கிலேயர் வழியாக அரசிடம் வந்து, தென்னை வளர்ப்புக்குத் தீவினரிடம் குத்தகைக்கு விடப்பட்டவை ‘பண்டார நிலங்கள்’. 2024-இல் அவற்றைத் திரும்ப எடுக்க நிர்வாகம் முயன்றபோது விவகாரம் கேரள உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது.

வேலை வேண்டும் என்ற தீவினரின் குரலை இந்த வாதங்களுக்குள் அமுக்கிவிடக் கூடாது. தென்னையும் சூரையும் அரசு வேலையும் தவிர வேறு வாய்ப்பு அரிதான இடத்தில், படித்த இளைஞர்கள் கொச்சிக்கும் கள்ளிக்கோட்டைக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். விடுதியே கூடாது என்று தரைப்பகுதியில் உட்கார்ந்து எழுதுவது எளிது. அவர்களில் எத்தனை பேர் வரவேற்பறையில் நிற்பார்கள், எத்தனை பேர் மேலாளர் ஆவார்கள் என்பதையும் குத்தகை சொல்ல வேண்டும்.

என் முன்மொழிவு வரிசையைப் பற்றியது. நன்னீர் வில்லையின் தடிமன், மழைநீர்ச் சேமிப்பு, காயல் நீர் புதுப்பிக்கப்படும் வேகம், பருவங்களில் மணல் நகரும் எல்லை, இரைமீன் பிடிக்கும் இடங்கள் ஆகியவற்றைக் குறைந்தது ஒரு முழுப் பருவச் சுழற்சிக்கு அளக்க வேண்டும். இரைமீன் இடங்களை அடையாளம் காட்ட மீனவர்களைத் தவிர வேறு யாராலும் முடியாது. ஆகவே அந்த வரைபடத்தை வரைவதிலேயே அவர்களுக்குத் தடுப்புரிமை கிடைக்க வழி செய்யலாம். இவற்றுள் மிகக் குறைவான எண்ணைத் தருவது எதுவோ, அதுவே தீவின் படுக்கை எண்ணிக்கை. அதன் பிறகே ஒப்பந்தப்புள்ளி.

அந்த எண் நிலையாகவும் இருக்கக்கூடாது. இப்போதைய குத்தகைகள் பல பத்தாண்டுகளுக்கு ஒரே எண்ணை எழுதிவைக்கின்றன. பவளத்திட்டோ ஒரு கோடையில் மாறிவிடுகிறது. வெளுப்பு நிகழ்ந்த ஆண்டிலும் அதைத் தொடரும் ஆண்டுகளிலும் திறந்திருக்கும் அறைகள் குறைய வேண்டும், அளவீட்டில் மீட்சி தெரிந்தபின் கூட வேண்டும் என்ற விதியை ஒப்பந்தத்தில் சேர்த்தால் முதலீட்டாளர் தயங்குவார். அந்தத் தயக்கம் பயனுள்ளது. தொடக்கத்திலேயே குறைந்த மூலதனத்தோடு, கழற்றி எடுக்கக்கூடிய குடில்களோடு வருபவரே விண்ணப்பிப்பார். 110 அறைகளுக்குக் கடன் வாங்கியவரால் அப்படி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. சுஹேலியில் தூண் இறங்குவதற்கு முன், அகத்தி, கவரத்தி மீனவர்கள் எந்தெந்த இடத்தில் இரைமீன் பிடிக்கிறார்கள் என்ற வரைபடம் ஒன்றையாவது நிர்வாகம் வெளியிடுமா என்பதுதான் உடனடியாகக் கேட்கப்பட வேண்டியது.